ஷூ மட்டும் ஓடிய நாலு கிலோமீட்டர்

என் கணவர் போன வருஷம் அரை மாரத்தானை மினி பஸ்ஸில் முடித்தார். இதை நான் சொன்னால் வீட்டில் கிண்டல், அவரே நினைத்துக்கொண்டால் துக்கம். பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் போகும் வழியில் ஒரு பொறியியல் கல்லூரி வருஷா வருஷம் நடத்தும் ஓட்டம் அது. இருபத்தொரு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அதற்குள் முடிக்க மாட்டார்கள் என்று தெரிகிறவர்களை ஏற்றிக்கொள்ள எல்லோருக்கும் பின்னால் ஒரு மினி பஸ் ஊர்ந்து வரும். அதில் ஏறினால் மெடல் கிடையாது. வாழைப்பழமும் அனுதாபமும் கிடைக்கும். கல்லூரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவரை ஏற்றிவிட்டார்கள். நான் அரை மணி நேரம் முன்னாலேயே ஓடி முடித்துவிட்டு மைதானத்துப் பந்தலில் நின்றிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றி நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஐம்பதை நெருங்கும் மனிதர். ஆபீசில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவர். ரிப்பனில் கோத்த ஒரு தகரத் துண்டுக்காக இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மெடல் தகரம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் எதையாவது வேண்டும் என்று கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. இதைக் கேட்கிறார், இதைக் கிடைக்க வைத்தாக வேண்டும் என்று தோன்றியது.

அதனால் இந்த வருஷம் என் நேரத்தைப் பார்க்காமல், அவர் கூடவே ஓடுவது என்று முடிவாயிற்று. நான்தான் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஓடி, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் நொண்டுவது அவர் வழக்கம். நான் பொம்மசந்திராவில் மாத்திரை செய்யும் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நடக்காததை நடந்ததாக எழுதி வைக்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. ஒரு மனிதரை ஒரே வேகத்தில் வைத்திருப்பது அதைவிடச் சிரமம் என்று பயிற்சிக் காலத்தில் தெரிந்துகொண்டேன். ஞாயிறு காலைகளில் பேருக்கு ஓடிவிட்டு, தட்டு இட்லிக் கடையில் உட்கார்ந்து ஓடியதை எல்லாம் ஈடு கட்டிவிடும் கூட்டம் எங்களுடையது. அதில் அவர் ஒருத்தர் மட்டும் இரண்டு மாதமாக வடையைத் தொடவில்லை.

பெரிய ஓட்டங்களில் நேரத்தைப் பதிவு செய்யும் சிப்பை மார்பு எண்ணிலேயே ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். இது கல்லூரிக்காரர்கள் நடத்துவது. இங்கே இன்னும் பழைய முறைதான். சின்னப் பட்டை ஒன்றைக் கொடுத்து ஷூ லேசில் கோத்துக்கொள்ளச் சொல்வார்கள். முடிகிற இடத்தில் தரையில் விரித்திருக்கும் பாயை ஷூ தாண்டும்போது பீப் என்று சத்தம் வரும், திரையில் பேர் வரும். அன்று காலையில் அவர் அந்தப் பட்டையை மூன்று தடவை கழற்றிக் கட்டினார்.

விடிகிற நேரத்தில் கிளம்பினோம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் இருபது மாடிக் குடியிருப்பு, அதன் காம்பவுண்டுக்கு வெளியே எருமை கட்டியிருக்கும் வீடு. வாசலில் போட்ட ரங்கோலி ரோட்டில் பாதி வரைக்கும் வந்திருக்கும், அதை மிதிக்காமல் ஓடுகிறவர்கள் வளைந்து வளைந்து ஓடுவார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் பெண்கள் ஓரமாக நின்று, காசு கட்டி ஓடுகிற எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "இவங்களுக்கெல்லாம் யாராவது வேலை குடுக்கக்கூடாதா" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆறாவது கிலோமீட்டர் பக்கம் கல்லூரிக்காரர்கள் தமட்டை அடிக்கிறவர்களை நிறுத்தியிருந்தார்கள். நம் ஊர்த் தப்பட்டையை இங்கே தமட்டை என்பார்கள். ஓடுகிறவர்களுக்கு உற்சாகம் வர வேண்டுமாம். உண்மையிலேயே வரும். பக்கத்தில் போகும்போது எல்லோரும் கையைத் தூக்கி நாலு குத்து ஆட்டம் ஆடிவிட்டுத்தான் தாண்டுவார்கள். நானும் ஆடினேன். அவர் ஆடவில்லை, சக்தியைச் சேமிக்கிறாராம். "இங்க மிச்சம் பிடிச்சு எந்த பேங்க்ல போடப் போறீங்க" என்றேன். சிரித்தார். அன்றைக்கு அவருடைய கால் நன்றாக இருந்தது. மூச்சும் சீராக இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் மினி பஸ் கண்ணிலேயே படவில்லை.

பதினேழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது என் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படியே போனால் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம், ஐந்து நிமிஷம் மிச்சமும் இருக்கும். அவரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் முன்னால் வளைவில் மறுபடியும் தமட்டைச் சத்தம் கேட்டது.

கல்லூரிக்காரர்கள் இரண்டாவது இடத்திலும் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள், ஒருவர் விசில் அடித்தார். நான் வளைவைத் திரும்பியதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அடிக்கு ஏற்ற மாதிரி நாலு எட்டு ஆடிவிட்டேன். அதற்கப்புறம்தான் பந்தலைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் புகைந்துகொண்டிருந்த கட்டை, பச்சை மூங்கிலில் கட்டிய பாடை, சாமந்தி மாலைகள்.

என் வயதுதான் இருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கோபப்படவில்லை.

"அக்கா, இது சாவு வீடு" என்றாள்.

கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன், தமிழில். அவளும் தமிழ்தான் என்பது அவள் முதல் வார்த்தையிலேயே தெரிந்திருந்தது. அவள் மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் சட்டையில் இருந்த எண்களைப் பார்த்துவிட்டு, நாங்கள்தான் ஏதோ அதிகாரிகள் என்பது போல் முறையிட ஆரம்பித்தாள்.

"எங்க மாமனாரு, அக்கா. நேத்து மதியானம் போயிட்டாரு. வண்டி வந்து அந்தாண்ட நின்னுனு கீது. உங்க ஓட்டத்துக்குன்னு ரோட்ட மூடிட்டாங்க. கிருஷ்ணகிரியிலருந்து வந்த எங்க ஆளுங்க ஜீப்பும் அங்கியே மாட்டிக்கிச்சு. பத்து மணிக்கு மேலதான் உடுவாங்களாம். காத்தாலருந்து கரண்ட் வேற இல்ல, ஐஸ் பெட்டி நின்னுபோச்சு. இனிமே வெச்சிருக்க ஆகாதுக்கா."

ரோட்டை மூடியது நான் இல்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் ஓடுவதற்காகத்தான் மூடியிருந்தார்கள், நான் அதில் ஆடிக்கொண்டும் வந்திருந்தேன். அவள் பேசப் பேச எனக்குப் பாதி அவமானமாகவும் பாதி அவசரமாகவும் இருந்தது. மனசின் ஒரு ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று திரும்பினேன்.

அவர் பாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வராது என்று ஆனதும், தோளில் தூக்கிக்கொண்டே போய்விடுவது என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். மயானம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம்தான், அரை கிலோமீட்டர். மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்றார். தூக்குவதற்கு மூன்று பேர் இருந்தார்கள். நாலாவதாக நின்ற பெரியவர் குனிந்து மூங்கிலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். தமட்டைக்காரர்கள் அடியை மாற்றாமல் அதே அடியை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவருடைய அப்பா இறந்தது கொரோனாவின் இரண்டாவது அலையில். கொரோனாவால் இல்லை, வாணியம்பாடியில் வீட்டிலேயே, தூக்கத்தில். இவர்தான் மூத்தவர். எங்கள் வீட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கம்தான். அங்கே பாஸ் இல்லாமல் விட மாட்டோம் என்றார்கள். காரை ஓரம் கட்டி, போனில் பாஸுக்கு விண்ணப்பித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் நின்றோம். பாஸ் வரவில்லை. வாணியம்பாடியில் தெருக்காரர்கள் கிட்டே வரப் பயந்தார்கள். சட்டியைச் சித்தப்பா பிடிக்க, இவருடைய தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் காரில் உட்கார்ந்து அதை வீடியோ காலில் பார்த்தார். பாடையைத் தூக்குகிற நேரத்தில் படம் உறைந்துவிட்டது. இவர் போனை இறக்கவில்லை, அந்த உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பாஸ் வந்து ஊருக்குப் போனோம். அண்ணனும் தம்பியும் சடங்குகளைச் சரியாகச் செய்தார்கள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. இவர் ஓட ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

அவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"ஷூ போட்டுக்கிட்டுத் தூக்கக்கூடாது."

"மணி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னும் நாலு கிலோமீட்டர்தாங்க. அதுக்குள்ள அந்த ஜீப்பு வந்துடும். வேற யாராவது வருவாங்க."

"வந்தா வரட்டும்" என்றார். சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் வைத்து என் கையில் கொடுத்தார். "நீ போ."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரம் இல்லை. இரண்டு மாதம் வடை தின்னாத மனிதர். மயானத்துக்குப் பெண்கள் போகும் வழக்கமும் இல்லை, நான் கூடப் போவதாக இருந்தால் தெருமுனை வரைக்கும்தான். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போய் இடது பக்கம் முன்னால் நின்றார். அந்தப் பெரியவர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து இவர் தோளில் மடித்து வைத்தார். நீ யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. தூக்கினார்கள்.

பாடை நாங்கள் ஓடி வந்த திசையில், எதிரே வந்த ஓட்டக்காரர்களைப் பிளந்துகொண்டு போனது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் நின்று தன் கைக்கடிகாரத்தை நிறுத்தினார். மரியாதைக்கா, தன் நேரம் கெடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினாள். என் கணவருடைய முதுகில் அந்தக் கல்லூரியின் பேரும் 'ஓடு பெங்களூரு' என்ற வாசகமும் ஏரிக்கரை வரைக்கும் தெரிந்தன.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. நான் சொல்லாமல் ஓட ஆரம்பித்தேன். கைக்கு ஒன்றாக இரண்டு ஷூ. முதல் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் கோபத்தில்தான் ஓடினேன். அதற்கப்புறம் வலது கையில் இருந்த ஷூவின் லேசில் அந்தப் பட்டை ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பாய்க்கு ஆளைத் தெரியாது. பட்டையைத்தான் தெரியும்.

இந்த மாதிரி வேலையைச் செய்தவர்களை நான் ஆலையில் எதிரில் உட்கார வைத்து விசாரித்திருக்கிறேன். ஏன் செய்தாய் என்று கேட்டால், நேரம் இல்லை மேடம், எப்படியும் சரியாகத்தான் இருக்கும் மேடம் என்பார்கள். நான் கேட்டுக்கொண்டே எழுதுவேன். அன்றைக்கு நானே என்னிடம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டேன். அவரால் முடிந்திருக்கும், ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது, அது நான் கையோடு கணக்குப் பார்த்த உண்மை. இப்படியே யோசித்துக்கொண்டு, வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடினேன். எனக்கு வெட்கமாக இல்லை. இப்போதும் இல்லை.

மைதானத்துக்குள் நுழைந்து பாயைத் தாண்டும்போது, வலது கையைத் தரைக்குப் பக்கத்தில் தாழ்த்திக்கொண்டேன். இரண்டு தடவை பீப் என்றது. திரையில் என் பேரும் அவர் பேரும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. மைக் பிடித்திருந்தவர் உற்சாகமாகி, பாருங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்தே முடித்திருக்கிறார்கள், கை தட்டுங்கள் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் தனியாக, ஒரு ஜோடி ஷூவோடு நின்றேன். மெடல் கொடுத்த கல்லூரிப் பெண் என் கழுத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாள்.

"சார் எங்க மேடம்?"

"பாத்ரூம் போயிருக்கார்" என்றேன். அவள் ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெடலைக் கொடுத்துவிட்டாள்.

எல்லோரும் உப்புமா சாப்பிட்டு முடித்து, பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் வந்தார். இறந்தவருடைய சொந்தக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் கொண்டு வந்து விட்டார். மயானத்துக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்தார் போல. சட்டை ஈரமாக இருந்தது, எண் எழுதிய காகிதம் பாதி கிழிந்து தொங்கியது. காலில் யாருடையதோ ரப்பர் செருப்பு, ஒரு சைஸ் சின்னது. நான் மெடலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காரில் இருந்த பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். வாழ்த்துக்கள், நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது, நேரத்தோடு.

"யாரு ஓடினது இது?" என்றார்.

"உங்க ஷூ."

அந்தச் செய்தியை அழித்துவிடுவாரோ என்று நினைத்தேன், அழிக்கவில்லை.

"போய் என் பேர எடுக்கச் சொல்லு."

"போன வருஷம் இதுக்குத்தானே ஒரு வாரம் பேசாம இருந்தீங்க? நீங்க முடிச்சிருப்பீங்க. கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"தெரியும். முடிச்சிருப்பேன்" என்றார். "முடிக்கல இல்ல."

வேறு வழி இல்லாமல் நேரம் பதிவு செய்யும் கூடாரத்துக்குப் போனேன். கணினி முன்னால் இருந்த இளைஞர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பேரை எடுக்க வேண்டும், இவர் ஓடவில்லை என்றேன். எல்லோரும் சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள், எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை மேடம் என்றார். அவர் சந்தேகத்தோடு பார்த்தார். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்திருக்கலாம். இரண்டு பொத்தானை அழுத்தினார். மெடலை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். என் கணவர் பேருக்கு நேராக, முடிக்கவில்லை என்று வந்துவிட்டது. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது, அவர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நான்தான் காரை ஓட்டினேன். அவர் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல. ரொம்ப கனமா இருக்கும்னு நெனச்சேன். ஒல்லி மனுஷன். மூங்கில்தான் அழுத்துச்சு."

மெயின் ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னல் விழுந்தது. வண்டிகள் நிறைய நின்றன. அவர் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"அப்பா நல்லா கனமா இருந்திருப்பாரு. மத்த மூணு பேரும் உயரம். தம்பி குள்ளம். பாரமெல்லாம் அவன் பக்கம்தான் எறங்கியிருக்கும்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அவன் தோள் எப்படி இருக்குன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலம்மா."